வாயாடி தூக்கிய கை

வாயாடி என்கிற பெயரை அவருக்கு அவரேதான் வைத்துக்கொண்டார். நேரில் பழகியவர்கள் எவரும் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்கள். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்கு முன்னால் காலையில் உட்கார்ந்தால், சாயங்காலம் எழுந்திருக்கும் வரை அந்த மனிதர் வாயிலிருந்து நாலு சொல் வந்தால் அதிகம். முன்பக்கத்திலிருந்து சீட்டு வரும். இவர் அளவு பார்த்து, தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி, துடைத்து வெளியே அனுப்புவார். யாரிடமும் பேச வேண்டியதில்லை. அந்த வேலையில் சேர்ந்ததே அதற்காகத்தான். பேசலாம் என்று வாயைத் திறந்தால் முதல் சொல்லுக்கே தொண்டை கதவைச் சாத்திக்கொள்ளும். முகம் சிவக்கும், தாடை நடுங்கும், எதிரில் நிற்கிறவர் வேறு பக்கம் பார்ப்பார். நாற்பத்தைந்து வயதாகியும் இதே கதைதான்.

ஆனால் களத்தில் அவரைப் பார்க்க வேண்டுமே. திக்குவாய்க்காரர்களுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு இணையதளம், அதற்குள் ஒரு கருத்துக்களம். யார் வேண்டுமானாலும் ஒரு திரி தொடங்கலாம், மற்றவர்கள் அதன் கீழே பதில் எழுதலாம். அங்கே வாயாடி நிஜமாகவே வாயாடி. கிண்டல் செய்வார், ஆறுதல் சொல்வார், வம்புக்கு வருகிறவனை வார்த்தையாலேயே உரித்து உப்புத் தடவுவார். களத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவருடையதுதான். அந்தப் பதவிக்கு மட்டுறுத்துநர் என்று பெயர் கொடுத்திருந்தார்கள். நன்றாகப் பேசுகிறவன் வாயிலேயே நுழையாத சொல்லைத் திக்குவாய்க்காரன் தலையில் கட்டிய புண்ணியவான் யாரென்று அவர் அடிக்கடி கேட்பார். களத்தில் ஒரே ஒரு விதிதான் கல்லில் வெட்டின மாதிரி இருந்தது: இன்னொருவர் பேச்சை நாம் முடித்துவைப்பதில்லை.

அங்கே கமா என்று ஒரு பெண். அதுவும் அவளாக வைத்துக்கொண்ட பெயர். நாலு எழுத்துக்கு ஒரு முறை நிற்கிறவளுக்கு வேறென்ன பெயர் என்பாள். வேறு ஊரில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். நோயாளி வாயைப் பிளந்துகொண்டு கிடப்பார், பேச்சுக் கொடுக்க மாட்டார், எனக்கென்றே செய்த வேலை என்று எழுதியிருந்தாள். தினமும் வேலை முடிந்ததும் களத்துக்கு வந்துவிடுவாள். கடைக்காரன் என்ன சொன்னான், பஸ்ஸில் யார் சிரித்தார்கள் என்று பக்கம் பக்கமாகக் கொட்டுவாள். வாயாடி பதில் எழுதுவார். இருவரும் ஒருவர் குரலை ஒருவர் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

வினை அந்த மென்பொருளால் வந்தது. களத்தை ஓட்டிக்கொண்டிருந்த மென்பொருள் பழசு. அதைச் செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள். ஓட்டை வழியாகக் கண்டவனெல்லாம் புகுந்து கடன் விளம்பரமும் மாத்திரை விளம்பரமும் ஒட்டிவிட்டுப் போனான். வாயாடி தினமும் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். இனி இதற்கு இடம் தர முடியாது என்று இணையதளத்துக்கு இடம் கொடுத்த நிறுவனமும் சொல்லிவிட்டது. வேறு மென்பொருள் தேட வேண்டும்.

வாயாடி தேடினார். பெண்ணுக்கு வரன் தேடுகிற அப்பனைப் போலத் தேடினார். ஒவ்வொன்றையும் இறக்கி, ஓட்டி, கமாவையும் இன்னும் சிலரையும் எழுதிப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் அதிக விருப்பக்குறி வாங்கிய பதிவு மேலே ஏறிக்கொள்ளும், வாங்காதது அடியில் கிடக்கும். நம்மவர்களுக்கு வெளியில் கிடைக்கிற மார்க் போதாதா என்று அதைத் தள்ளினார். இன்னொன்று பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஒருவர் தட்டச்சு செய்யும்போதே எதிராளிக்கு மூன்று புள்ளி துள்ளிக் காட்டியது. அடுத்தவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் போதும், விரலுக்கும் திக்க ஆரம்பித்துவிடும். அதையும் தள்ளினார். கடைசியில் ஒன்று கிடைத்தது. சாதுவானது. திரி, அதற்குக் கீழே பதில், அவ்வளவுதான். பழைய பதிவுகளை ஒன்றுவிடாமல் இழுத்துக்கொண்டது. அனுப்பு என்று அழுத்தும் வரை நீ இருக்கிறாய் என்றே யாருக்கும் தெரியாது. நாள் முழுக்க ஒரு வாக்கியத்தை அடித்துத் திருத்திக்கொண்டு கிடக்கலாம், கேட்பாரில்லை. இதுதான் நம் வீடு என்று கமா எழுதினாள்.

சங்கத்தின் தலைவர் ஒரு பேச்சுப் பயிற்சியாளர். ஒரு காலத்தில் அவருக்கும் திக்கியதாம். இப்போது மடை திறந்த மாதிரி பேசுவார். குணமானவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு: தான் வந்த வழியிலேயே ஊரும் வர வேண்டும் என்பார்கள். எழுதுவது ஒளிந்துகொள்வது, ஒளிகிறவனுக்குக் குணமாகாது என்பது அவருடைய கட்சி. களத்துக்குப் பதிலாக வைக்க அவர் கையில் ஒரு செல்போன் செயலி இருந்தது. குரல் அறைகள் கொண்டது. உள்ளே போய் மைக்கைத் தொட்டுப் பேச வேண்டும். எழுதவும் செய்யலாம், ஆனால் ஒரு வரிக்கு மேல் போனால் சுருட்டி மறைத்துவிடும். பழைய பதிவுகளைச் தொடக்கூடச் செய்யாது. கெட்ட எண்ணம் கொண்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. நல்லது செய்கிறேன் என்று இறங்கிவிட்டவரை யார் தடுக்க?

களத்திலேயே வாக்கெடுப்பு வைத்துவிடலாம் என்று வாயாடி எழுதினார். அதெப்படி, சங்கத்து முடிவை முகம் காட்டித்தான் எடுக்க வேண்டும், கூட்டத்துக்கு வந்து கை தூக்குங்கள் என்று பயிற்சியாளர் பதில் போட்டார். வருவதற்குப் பயந்தவர்களுக்காகத்தான் களம். வரத் துணிந்தவர்கள் கூடி அதன் தலையெழுத்தை எழுதுவார்களாம். நியாயத்தைப் பாருங்கள். கமாவுக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டாள். கூடவே இதையும் எழுதினாள்: "எனக்கும் சேர்த்துப் பேசிட்டு வாங்க வாயாடியாரே. இது போச்சுன்னா எனக்குப் பேச ஆளே இல்ல."

கூட்டம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், விடுமுறை நாளில் நடந்தது. கரும்பலகையில் பாதி அழிந்த பின்னக் கணக்கு. பெஞ்சுகள் பிள்ளைகளுக்குச் செய்தவை. பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு அவஸ்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். வாயாடியை அவருடைய அண்ணன்தான் வண்டியில் கூட்டிவந்தார். வாயாடி குடியிருப்பது அண்ணன் வீட்டு மாடியில். அண்ணனுக்கு வாகன உதிரிபாகக் கடை. ஊருக்கே கேட்கிற குரல், அதைவிடப் பெரிய மனசு. சின்ன வயதிலிருந்து தம்பிக்கு வாய் அண்ணன்தான். முடி வெட்டுகிற இடத்தில், ஆஸ்பத்திரியில், வேலை கேட்டுப் போன இடத்தில் தம்பி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொல்லி முடித்திருப்பார். அதில் பாதி தம்பி சொல்ல நினைத்ததாக இருக்காது. இருந்தாலும் சொல்லி முடிந்துவிடும். அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது அந்த வயதில். விருந்தாளிகளுக்கென்று போட்டிருந்த கடைசி பெஞ்சில் அண்ணன் போய் உட்கார்ந்தார்.

வாயாடி நாலு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். பயிற்சியாளர் எடுத்ததுமே சிரித்துக்கொண்டு, இன்றைக்குத் தாள் எல்லாம் பைக்குள் இருக்கட்டும், நம் இடத்தில் நாமே படித்துக் காட்டினால் எப்படி, பேசுவோம் என்றார். தாள்கள் பைக்குள் போயின. பிறகு தன்னுடைய செயலியைப் பற்றிச் சுவரில் படம் காட்டிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார்.

அடுத்து நத்தை எழுந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர், களத்தில் அவருக்கு அப்படிப் பெயர். எனக்கு எழுதுவதுதான் வேண்டும் என்கிற ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் பிடித்தது. யாரும் இடையில் புகவில்லை. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர் உட்கார்ந்தபோது வேர்த்துக் கொட்டியிருந்தது, ஆனால் முகத்தில் ஒரு களை. வாயாடிக்கு அதைப் பார்த்துத் தெம்பு வந்தது. நம் ஆட்கள்தானே, காத்திருப்பார்கள்.

எழுந்து நின்றார். எல்லாத் தலையும் திரும்பியது. இவர்தான் வாயாடியா என்று புதியவர்கள் எட்டிப் பார்த்தார்கள். களத்தில் அவர் எழுதுவதைப் படித்து மனசைத் தேற்றிக்கொண்டவர்கள் அதில் பாதிப் பேர். அவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்று வந்தவர்கள் அவர்கள். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நம்ம களம் என்று ஆரம்பிக்க வேண்டும், அந்த முதல் எழுத்தில் ஒட்டிய நாக்கு ஒட்டியதுதான். கழுத்து நரம்பு புடைத்தது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். விதிப்படி, அன்பாக, பொறுமையாகக் காத்திருந்தார்கள். அந்தப் பொறுமை நெஞ்சில் கல்லாக ஏறி உட்கார்ந்தது.

கடைசி பெஞ்சில் இருந்த அண்ணனுக்கு விதி தெரியாது. தெரிந்திருந்தாலும் தாங்கியிருக்க மாட்டார். கூடப் பிறந்தவன் தவிக்கிறதைப் பார்த்துக்கொண்டு எவனால் சும்மா உட்கார முடியும்? எழுந்துவிட்டார்.

"தம்பி என்ன சொல்ல வர்றான்னா, எழுதி எழுதியே இவன் வாயில்லாப் பூச்சியாப் போயிட்டான். பேசிப் பழகினாத்தான் சரியாகும். அந்தக் குரல் அறையே இருக்கட்டும்ங்கறான். அதானேடா?"

அது அண்ணனின் ஆசை. பல வருஷத்து ஆசை. தம்பியின் வாயில் வைத்துப் பார்க்க அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. நத்தை பயிற்சியாளரைப் பார்த்தார். இன்னொருவர் பேச்சை முடித்துவைக்கக் கூடாது என்று பயிற்சியாளர் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தன் பக்கம் வருகிற காற்றுக்கு எவன் கதவடைப்பான்? முறையாகக் கேட்பது போல, "அண்ணன் சொன்னது உங்க கருத்துதானா சார்?" என்று மட்டும் கேட்டார்.

வாயாடி தலையாட்டினார்.

ஏன் ஆட்டினார் என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு நாக்கு இருக்கிறது, கேட்பீர்கள். இல்லை என்று தலையை அந்தப் பக்கம் ஆட்டியிருந்தால் அதோடு முடிந்ததா? பின்னே என்ன என்று கேட்பார்கள். அந்தப் பின்னே என்ன எங்கே இருக்கிறது? தொண்டைக்குக் கீழே. ஆமென்று ஆட்டினால் உட்காரலாம். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் வாழ்க்கையில் அப்படி ஆட்டியவர்கள்தான். கண்டக்டர் தானாகச் சொன்ன ஊருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி நடந்தவர் உண்டு. கேட்காத சட்டையை வாங்கிக்கொண்டு வந்து, பிடிக்கவில்லை என்று சொல்லப் பயந்து, கிழியும் வரை போட்டவர் உண்டு. பிள்ளைக்கு வைக்க நினைத்த பெயரை விட்டு எழுத்தர் ஊகித்த பெயரை வைத்த தகப்பனே உண்டு. இதையெல்லாம் களத்தில் எழுதி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். வாயாடிதான் அதிகம் சிரித்தவர்.

கை தூக்கச் சொன்னார்கள். தலையாட்டிவிட்டுக் கையைத் தூக்காமல் இருப்பது எப்படி? தூக்கினார். அதைப் பார்த்துவிட்டு, அவரை நம்பி வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாயாடியே சொல்கிறார், காரணம் இருக்கும் என்று ஒவ்வொரு கையாக எழுந்தது. நத்தை கடைசி வரை தூக்கவில்லை. போகும்போது வாயாடியைப் பார்க்கவும் இல்லை.

வண்டியில் ஏறியதும் அண்ணன் அவர் தோளைத் தட்டினார். "எப்படிக் காப்பாத்தினேன் பாத்தியா? நீ நின்ன நிலையைப் பாத்து எனக்கு உயிரே போயிடுச்சுடா."

அந்த நிமிஷம் அண்ணனைக் கொன்றுவிடலாம் போல இருந்தது வாயாடிக்கு. கொல்ல முடியாது என்பது இருக்கட்டும், ஒரு வார்த்தை திட்டவாவது முடிந்ததா? திட்டுவதற்கும் முதல் எழுத்து வேண்டுமே. அண்ணன் வழியெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார், இனிமேல் உனக்கு நாலு பேர் பழக்கம் வரும், வாய் தானாகத் திறக்கும் என்று. வாயாடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அழுதார். அண்ணன் அதையும் சந்தோஷத்தில் சேர்த்துக்கொண்டார்.

மாடிக்குப் போய்க் களத்தைத் திறந்தார். நடந்தது இதுதான் என்று எழுதிப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைத்திருந்தார் பாவம். பயிற்சியாளர் வீட்டுக்குப் போவதற்கு முன்பே எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தார். முகப்பில் பெரிதாக அறிவிப்பு: களத்தின் தூணான வாயாடி அவர்களே முன்மொழிந்து, பெருவாரியான ஆதரவோடு குரல் அறைக்கு மாறுகிறோம். பழைய களத்தைப் படிக்கலாம், எழுத முடியாது. பதில் எழுதுகிற கட்டம் இருந்த இடம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. மட்டுறுத்துநரால் பதிவைத்தான் அழிக்க முடியும், களத்தைத் திறக்கிற சாவி தலைவரான பயிற்சியாளரிடம். வாயாடி அவருக்கு மின்னஞ்சல் எழுதினார். சுடச்சுடப் பதில் வந்தது. தலையாட்டியதும் நீங்கள், கை தூக்கியதும் நீங்கள், பெற்றவர் ஸ்தானத்தில் இருக்கிற அண்ணன் மேல் பழி போடலாமா, மனக்குறை ஏதாவது இருந்தால் குரல் அறைக்கு வந்து தாராளமாகச் சொல்லுங்கள் என்று.

செல்போனில் கமாவிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இருவரும் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தார்கள், அதுவரை அதைப் பயன்படுத்தியதில்லை. ஒரே சொல்.

"நீங்களுமா?"

வாயாடி எழுதினார். அண்ணனை எழுதினார், பயிற்சியாளரை எழுதினார், ஒட்டிக்கொண்ட நாக்கை எழுதினார். அவர் எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? கல்லும் கரைந்திருக்கும். கமா எல்லாவற்றையும் படித்தாள். பிறகு பதில் போட்டாள்: "எழுத்துல நீங்க எதை வேணா நம்ப வெச்சிடுவீங்க. அதான் இப்ப பயமா இருக்கு. உங்க வாயால சொல்லுங்க, நம்பறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருப்பேன்."

திக்குவாய்க்காரனுக்குப் போன் என்பது என்னவென்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தே கேட்டாள். அவளுக்கும் அதே பயம்தான், அதைத் தாண்டி நான் எடுக்கிறேன், நீங்கள் பேசுங்கள் என்கிறாள். அதற்கு மேல் ஒரு பெண் என்ன இறங்கி வர முடியும்?

மறுநாள் கடையில் மத்தியானம், முன்பக்கத்துப் பெண் சாப்பிடப் போன நேரம், வாயாடி பின்னறைக் கதவைச் சாத்தினார். மெஷினைப் போட்டார். யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. மெஷின் கர்ரென்று ஓடும்போது அவருக்குத் திக்காது. தன் குரல் தன் காதுக்கே கேட்காவிட்டால் தொண்டை ஏமாந்து திறந்துவிடும். லென்ஸைத் தேய்த்துக்கொண்டே எத்தனையோ நாள் தனியாகப் பாட்டுகூடப் பாடியிருக்கிறார். கமாவின் எண்ணை அழுத்தினார். அவள் எடுத்ததும் ஆரம்பித்துவிட்டார். நான் வாயாடி பேசுகிறேன், நம் களத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை, என் அண்ணன் சொன்னது என் வார்த்தையே இல்லை, உங்களுக்கும் சேர்த்துப் பேசத்தான் எழுந்தேன், என்னால் முடியவில்லை, மன்னித்துவிடுங்கள். அத்தனையும் அருவி மாதிரி வந்தது. இவ்வளவு நீளமாக அவர் வாய் ஒரு மனித உயிரிடம் பேசியதே இல்லை.

பேசி முடித்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஒ... ஒண்ணுமே கேக்கல," என்றாள் கமா. மெல்லிய குரல். அவர் நினைத்திருந்ததைவிட வயது குறைந்த குரல். "வெ... வெறும் சத்தம்தான் கேக்குது. அதை நிறுத்திட்டுச் சொல்லுங்க."

நிறுத்தினார். அறை அமைதியானது. குழாயிலிருந்து தண்ணீர் தேய்ப்புக் கல்லின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. நான் என்று ஆரம்பிக்க வேண்டும். நாக்கு பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. மூச்சு மட்டும் போனது. அவள் காத்திருந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், அதைச் சொல்லியாக வேண்டும். அவள் மூச்சுவிடுவது கேட்டது. டாக்டர் அந்தப் பக்கம் யாரையோ கூப்பிடுவது கேட்டது. அவள் போகவில்லை. வாயாடி பல்லைக் கடித்தார், தொடையைக் கிள்ளினார், கண்ணை இறுக மூடினார், வேறு சொல்லில் தொடங்கிப் பார்த்தார். "அ... அ... அண்..." என்பது வரை வந்து நின்றுவிட்டது.

அண்ணன் என்று அவர் முடித்திருந்தால் போதும். மிச்சத்தை அவளே புரிந்துகொண்டிருப்பாள். ஆனால் அவளும் மனுஷிதானே. முந்தின ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள். டாக்டர் மறுபடியும் கூப்பிடுகிறார். அவளால் இதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அ... அங்க எல்லார் முன்னாடியும் நிக்கும்போது, உ... ஊரோட ஒத்துப் போயிடறதுதான் சுலபம்னு தோணிடுச்சு உங்களுக்கு. எ... எங்களையெல்லாம் அந்த நேரத்துல நெனச்சுப் பாக்கல. அவ்வளவுதானே?"

வாயாடி வாயைத் திறந்தார்.

"ஆமா," என்றார். கொஞ்சமும் திக்காமல் வந்தது.

கமா போனை வைத்துவிட்டாள்.